குடியிருந்த வீடும் சொந்த வீடும்

ஆயர் ஈத்தாம் சந்தையை அடுத்த ஒரு சந்தில் நாற்பத்தோராண்டாக வாடகைக்குக் குடியிருந்து வரும் நமது நண்பர் ஒருவர், தமிழ்ப்பள்ளி ஆசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர், சென்ற மாதம் நம்மைக் கண்டதும் வழக்கத்துக்கு மாறான பூரிப்போடு தமது கைபேசியை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். செங்கல் வீடு, ஓட்டுக் கூரை, இடுப்பளவு மதில், மதிலை ஒட்டி ஒரு ரோஜாச்செடி, மழை தூறிக்கொண்டிருக்கிறது. “மகன் வாங்கிய வீடு. இங்கிலாந்திலே சபோக் என்று ஒரு மாவட்டம். அதிலே ஒரு சின்னக் கிராமம். முந்நூறு பேர்கூட இருக்கமாட்டார்களாம். வீடும் நிலமும் அவன் பெயரிலும் மருமகள் பெயரிலும் பதிவாகிவிட்டன” என்றார்.

நாம் மனமார மகிழ்ந்தோம். பிள்ளையைப் படிக்கவைத்த பெருமை அவருக்கு உண்டு. அதை அவர் நான்கு பேரிடம் சொல்லிக்கொள்வதில் குற்றமும் இல்லை. பேச்சின் முடிவில், “தாங்கள் இருக்கும் வீடு என்னவாயிற்று?” என்று ஒரு வார்த்தை கேட்டுவைத்தோம். “அதற்கென்ன? நாற்பது வருஷமாக இருக்கிறோம். வீட்டுக்காரர் தங்கமான மனிதர். அவர் தகப்பனார் காலத்திலிருந்து ‘காலி செய்’ என்று ஒரு சொல் சொன்னதில்லை. நம் வீடு மாதிரிதான்” என்றார்.

‘நம் வீடு மாதிரி’ என்னும் இந்தச் சொல்லை எதிர்த்தே இக்கட்டுரையை எழுதுகின்றோம். நண்பரிடத்தில் நமக்குப் பகையில்லை. ஆனால் இச்சொல் அவர் ஒருவரது சொல்லன்று. தோட்டத்திலிருப்பவர் லயத்தைக் காட்டி இதையே சொல்லுகிறார். ரயில்வே ஓரத்திலும் ஆற்றோரத்திலும் பலகை வீடு போட்டவர் தாம் நட்ட தென்னையைக் காட்டி இதையே சொல்லுகிறார். பட்டணத்துக் கடைவீட்டு மாடியில் இருந்தவர் தம் பாட்டனார் மாட்டிய படத்தைக் காட்டி இதையே சொன்னார். நூறாண்டுக்கு மேலாக இந்நாட்டுத் தமிழரிற் பெரும்பாலோர் வாழ்ந்தது வீட்டில் அன்று, வீடு மாதிரியில்.

நிற்க. நண்பரின் மகன் வீடு வாங்கிய மாவட்டத்தின் பெயர் ஆயர் ஈத்தாமுக்குப் புதிதன்று. ஆயர் ஈத்தாம் சாலையில், அவ்வூர்ப் பெயரைக்கொண்ட ஆற்றின் கரையில், சபோக் மாளிகை என்று வெண்ணிறக் கட்டடமொன்று இன்றும் நிற்கிறது. 1786-ஆம் ஆண்டு இத்தீவில் கம்பெனிக் கொடியை ஏற்றிய பிரான்சிஸ் லைட் என்பவர் இங்கிலாந்தின் சபோக் மாவட்டத்தில், டல்லிங்ஹூ என்னும் சிற்றூர்க் கோயிலில் ஞானஸ்நானம் பெற்றவர். கப்பலேறி வந்து, கடாரத்துச் சுல்தானின் தீவில் கால்வைத்து, காட்டை வெட்டி மிளகு பயிரிட்ட அம்மனிதர் முதலில் செய்த காரியங்களில் ஒன்று, ஆற்றங்கரையில் தமக்கென ஒரு நிலத்தை எல்லை கட்டி அதற்குத் தம் சொந்த மாவட்டத்தின் பெயரையே இட்டதாகும். வந்தவர் ஊர் ஏக்கம் கொண்டார், நாமும் கொண்டோம். அவர் ஏக்கத்துக்கு எல்லைக்கல் நட்டார். நாமோ ஏக்கத்தைத் தாலாட்டாகவும் ஒப்பாரியாகவும் பாடிவிட்டு, அடுத்த நாள் காலை பிரட்டுக்குப் போய் நின்றோம்.

அதே ஆற்றின் கரையில் வண்ணான்துறை என்று தமிழர் வழங்கும் இடம் இருக்கிறது. சலவைத் தொழிலாளரான தமிழர் அங்கே கல்லைப் போட்டுத் துணி வெளுத்து, திடலில் உலர்த்தி, தலைமுறைகளாக வாழ்ந்திருக்கின்றனர். பட்டணத்துத் துரைமார் சட்டைகளெல்லாம் அந்தத் தண்ணீரில் வெளுத்தன. துறைக்கு அவர்கள் பெயர் கிடைத்தது. பெயர் கிடைப்பது ஒன்று, பட்டா கிடைப்பது மற்றொன்று என்பதை நம்மவர்க்கு அன்று எடுத்துச் சொல்ல ஒருவரும் இல்லை.

லைட்டின் சபோக்கிலும் ஒரு பாடம் உண்டு; அதைப் பின்னர்ச் சொல்வோம்.

இங்கிலாந்துக் கிராமம் என்றதும் நம்மிற் படித்தவர்க்குக் கதைப் புத்தகங்கள் நினைவுக்கு வருகின்றன. மாதா கோயில் மணி, பசும்புல், ஆப்பிள் மரம், புன்னகையோடு தொப்பியைத் தூக்கும் கிழவர். நண்பரின் மகன் எழுதியதோ வேறு. கிராமத்தில் இருந்த ஒரே மளிகைக்கடை மூடிக் கிடக்கிறது. பேருந்து நாளைக்கு இரண்டு முறை. ஞாயிற்றுக்கிழமை அதுவும் இல்லை. குளிர்காலத்தில் நான்கு மணிக்கே இருட்டிவிடுகிறது. பக்கத்து வீட்டு மூதாட்டி ஒரு கூடை ஆப்பிள் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, “தங்குவதற்கு வந்திருக்கிறீர்களா, விற்பதற்கு வாங்கினீர்களா?” என்று நேராகவே கேட்டாளாம். இந்தக் கேள்வி நமக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஆனால் நாம் நண்பரை இரண்டு முறை படித்துக் காட்டச் சொன்னது வீடு வாங்கிய வகையைப் பற்றிய பகுதியை. விலை பேசிய நாளிலிருந்து சாவி வாங்கிய நாள் வரை ஐந்து மாதம் சென்றதாம். அவர் வைத்த வழக்கறிஞர் முதலில் சர்க்காரின் நில ரிஜிஸ்டரைப் பார்த்தார். விற்பவர் பெயர்தான் அதில் இருக்கிறதா, கடன் ஏதேனும் ஏறியிருக்கிறதா என்று தேடினார். நிலம் என்றைக்கும் உரியதா, குத்தகைக் காலம் கொண்டதா என்று கேட்டார். தோட்டத்தின் ஓரமாகப் பொதுப்பாதை போகிறதா, சாக்கடை யாருடைய பொறுப்பு, ஆறு பெருகினால் தண்ணீர் எதுவரை வரும் என்றெல்லாம் எழுதிக் கேட்டு எழுத்தில் பதில் வாங்கினார். வேறொருவர் வந்து சுவரில் ஈரம் ஏறியிருக்கிறதா, உத்தரத்தை வண்டு துளைத்திருக்கிறதா என்று தட்டித் தட்டிப் பார்த்தார். வீடு பழைமை கருதிப் பாதுகாக்கப்பட்ட கட்டடமாகையால் ஒரு சன்னலை மாற்றுவதானாலும் மன்றத்தின் அனுமதி வேண்டும் என்று முன்கூட்டியே எச்சரிக்கப்பட்டார். முந்நூறு பேர் வாழும் ஒரு மூலையில் ஒரு சிறு வீட்டுக்கு இத்தனை தேடல். ஆயர் ஈத்தாமில் பிறந்து வளர்ந்த பிள்ளை இவ்வளவையும் அங்கே போய்க் கற்றுக்கொண்டான். அவன் பிறந்த வீட்டின் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பது அவனுக்கும் தெரியாது. அவன் தகப்பனாருக்கும் தெரியாது.

அங்கே அழகுக்காக இன்று பணக்காரர் போட்டியிட்டு வாங்கும் அந்தச் சிறு வீடுகளில் ஒரு காலத்தில் யார் இருந்தனர் என்பதைத் தோட்டப்புற வாசகர்கள் அறிந்துகொள்ளுதல் நன்று. பண்ணைக் கூலிகள் இருந்தனர். வீடு பண்ணைக்காரருடையது. வேலை உள்ள வரையில் வீடு. நோயாலோ கோபத்தாலோ வேலை போனால் சட்டிபானையோடு தெருவுக்கு. நமது லயத்துக்கும் அதற்கும் கூரையில்தான் வேற்றுமை. இதைத் தலைவிதி என்று அப்பண்ணைத் தொழிலாளர் விட்டுவிடவில்லை. அவர்களது சங்கம் பல பத்தாண்டுகள் போராடியதன் பின், 1976-ஆம் ஆண்டில் பண்ணைத் தொழிலாளர் குடியிருப்பைக் காக்கும் சட்டம் ஒன்று பிறந்தது. வேலை நின்றால் வீடும் போயிற்று என்ற கொடுமை அதனால் பெரிதும் ஒடுங்கிற்று.

இங்கே என்ன நடந்தது? 1990-ஆம் ஆண்டில் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டுவசதிச் சட்டம் வந்தது. குழாய்த் தண்ணீர், கழிப்பிடம், கட்டடத்தின் தரம் ஆகியவற்றை அது பேசுகிறது, நல்லதே. ஆனால் நல்ல லயமும் லயமே. முப்பதாண்டு பால்மரம் வெட்டியவருக்கோ செம்பனைக் குலை அறுத்தவருக்கோ அந்த வீட்டை அது சொந்தமாக்கித் தரவில்லை. நிபோங் திபாலை அடுத்த காலிடோனியாத் தோட்டத்தில் வெள்ளை முதலாளி குடும்பம் கட்டிய மாளிகைக்குத் தொண்ணூற்றொன்பது கதவுகள் என்று இன்றும் வேடிக்கை பார்க்கப் போகிறார்கள். அத்தோட்டத்தில் உழைத்த தமிழ்க் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் ஒரு கதவு வீதம் சொந்தமாக இருந்ததா என்று வேடிக்கை பார்ப்பவர் எவரும் கேட்டதாக நாம் அறியோம்.

இப்பொழுது சட்டத்துக்கு வருவோம். நம்மவரிடையே ஒரு நம்பிக்கை வேரூன்றிக் கிடக்கிறது: “பன்னிரண்டு வருஷம் ஓரிடத்தில் இருந்துவிட்டால் அது நமக்கே சொந்தம்.” இதைச் சொல்லாத கிழவரும் இல்லை, நம்பாத இளைஞரும் இல்லை. எங்கிருந்து வந்தது இது? இந்தியாவில் தனியார் நிலத்துக்கு அப்படியொரு பன்னிரண்டாண்டுக் கணக்கு உண்டு. இங்கிலாந்திலும் அவ்வகைக் கணக்கு நெடுங்காலம் இருந்து, இப்பொழுது ரிஜிஸ்டர் ஆன நிலங்களுக்கு 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தால் மிகவும் கடுமையாக்கப்பட்டிருக்கிறது. பினாங்கிலும் பழைய ஆங்கிலப் பத்திர முறை நடந்த காலத்தில் நீண்ட அனுபோகத்துக்கு ஓரளவு மதிப்பு இருந்தது. ஆனால் 1965-ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டம் அமலுக்கு வந்தபின் இந்நாட்டில் அக்கணக்கு செத்துப்போயிற்று. அச்சட்டத்தின் 48-ஆம் பிரிவு, சர்க்கார் நிலத்தில் எத்தனை காலம் இருந்தாலும் பாத்தியம் பிறவாது என்கிறது. 341-ஆம் பிரிவு, பிறர் நிலத்தில் எத்தனை காலம் இருந்தாலும் பட்டாதாரர் நிலத்தை மீட்கத் தடையில்லை என்கிறது. 340-ஆம் பிரிவு, ரிஜிஸ்டரில் எவர் பெயர் உண்டோ அவரே சொந்தக்காரர் என்று அடித்துச் சொல்லுகிறது. மோசடி, கள்ளக் கையெழுத்து போன்ற சில விலக்குகள் நீங்கலாக.

பன்னிரண்டும் இல்லை, நூற்றிருபதும் இல்லை. பாட்டனார் நட்ட மாமரம் சாட்சி சொல்லாது. முனியாண்டி சாமி கோயில் சாட்சி சொல்லாது. மின்சாரக் கட்டணச் சீட்டைக் கத்தையாகக் கட்டிக் கொண்டுபோனாலும் அது மின்சாரம் எரித்ததற்கே சாட்சி.

டி.ஓ.எல். என்னும் தற்காலிகக் குடியிருப்பு உரிமச் சீட்டு ஒன்றை அநேகர் பெட்டியில் பட்டுத்துணி சுற்றி வைத்திருக்கின்றனர். நாம் கண்ணால் கண்டோம். அதைப் பட்டா என்றே நினைத்துப் பூசை அறையில் வைத்த குடும்பமும் உண்டு. அச்சீட்டு அந்தந்த வருஷத்தின் டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடிகிறது. வாங்கியவர் இறந்தால் அவரோடு அதுவும் இறக்கிறது, பிள்ளைக்குப் போகாது, விற்கவும் முடியாது. வருஷந்தோறும் பணம் கட்டிப் புதுப்பித்தவர் தாம் வரி கட்டுவதாக எண்ணினார். அவர் கட்டியது தற்காலிகமாக இருப்பதற்கான கட்டணம். சீட்டின் பெயரிலேயே ‘தற்காலிகம்’ என்று இருக்கிறது. மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்ததைத் தமிழில் படித்துச் சொல்ல வேண்டியவர்கள் மேடையில் மாலை வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

இது வெறும் வாய்ப்பேச்சு என்று எண்ணுவோர் ஆயர் ஈத்தாமிலிருந்து குன்றுக்கு அப்பால் குளுகோர் வரையில் போய்வரலாம். அங்கே கம்போங் புவா பாலா இருந்தது. புவா பாலா என்றால் ஜாதிக்காய். பழைய ஜாதிக்காய்த் தோட்டத்தின் தொழிலாளர் வழிவந்த தமிழ்க் குடும்பங்கள் அங்கே மாடு வளர்த்துப் பால் கறந்து, மாட்டுப்பொங்கலை ஊரே திரண்டு கொண்டாடி, பல தலைமுறை வாழ்ந்தன. தொலைக்காட்சியில் வந்த மாட்டுப்பண்ணைக் கதை ஒன்றின் பெயரால் அதைத் தமிழர் ஹை சாப்பரால் என்று அழைத்தார்கள். நிலம் முன்னே பிரவுன் என்ற வெள்ளைக் குடும்பத்தாருடையது. தம் வேலையாட்கள் வாழவே அவர்கள் அதை விட்டுச்சென்றார்கள் என்பது குடியிருந்தோர் கட்சி. நிலமோ சர்க்கார் கைக்கு வந்து, அரசாங்க அதிகாரிகளின் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் கைக்குப் போய், அங்கிருந்து வீடமைப்பு நிறுவனம் ஒன்றினிடம் சேர்ந்தது. 2009-ஆம் ஆண்டு ஜூன் மாதம் கூட்டரசு நீதிமன்றத்திலும் குடியிருந்தோர் கட்சி தோற்றது. செப்டம்பரில் மண்வாரி இயந்திரங்கள் வந்தன. குடும்பங்களிற் பலவற்றுக்கு ஈடாக மாடி வீடு தருவதென்று பேச்சு முடிந்தது என்பதையும் மறைக்காமற் சொல்கிறோம். ஆனால் அந்த ஈடு, கூச்சலும் ஊர்வலமும் பத்திரிகைப் படமும் பெற்றுத்தந்தது. கூச்சல் போட ஆளில்லாத இடங்களில், வாடகை லாரிச் செலவுக்குச் சில நூறு வெள்ளியோடு எத்தனை குடும்பங்கள் வெளியேறின என்பதை அந்தந்தத் தோட்டத்தாரே அறிவர்.

அந்நாளில் மேடைகளில் ஒரு கட்சியார் மற்றொரு கட்சியாரைத் தூற்றினார்கள். நிலத்தைக் கைமாற்றியது முந்திய ஆட்சி என்றார் ஒருவர். தடுக்காதது பிந்திய ஆட்சி என்றார் மற்றொருவர். இருவர் சொன்னதிலும் உண்மை இருந்திருக்கலாம். நாம் கேட்பது வேறு. நீதிமன்றத்துக்குப் போவதற்கு நாற்பதாண்டுக்கு முன்னால், எளிய விலைக்குக் கேட்டிருக்கக்கூடிய காலத்தில், “இந்த நிலத்துக்குப் பட்டா வாங்குங்கள், அதற்கு வழி இது, மனு இப்படி எழுத வேண்டும்” என்று சொல்லிக்கொண்டு அக்கம்பத்துக்குள் போன தலைவர் எத்தனை பேர்? கோயில் திருவிழாவுக்குத் தலைமை தாங்கப் போனவர்களை எண்ண ஒரு கை போதாது.

பட்டணத்துத் தமிழர் இதைப் படித்துவிட்டு, “பாவம், தோட்டத்துச் சனங்கள்” என்று பெருமூச்சு விட வேண்டா. ஜார்ஜ் டவுன் கடைவீடுகளில் 1948-க்கு முன் கட்டியவற்றுக்கு வாடகைக் கட்டுப்பாடு இருந்தது. 1966-ஆம் ஆண்டுச் சட்டம் அதை உறுதி செய்தது. பத்துக்கும் இருபதுக்கும் பெரிய வீடு. கீழே கடை, மேலே குடித்தனம், உள்ளே மேல்குத்தகை. இந்த மலிவு நம்மவரைத் தாலாட்டித் தூங்கவைத்தது. வாடகையில் மிச்சமான பணம் எங்கே போயிற்று? நகையாயிற்று, ஆயிரம் பேர் உண்ட கலியாணமாயிற்று, தஞ்சாவூர்ப் பக்கத்திலும் இராமநாதபுரத்திலும் மாடி வீடாயிற்று. 1997-ல் அச்சட்டத்தை நீக்க மற்றொரு சட்டம் செய்தார்கள். 2000-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் கட்டுப்பாடு அற்றுப்போயிற்று. இடையில் சில ஆண்டு அவகாசம் இருந்தது. நம்மவர் அதையும் ‘வீட்டுக்காரர் நல்லவர்’ என்று போக்கினார்கள். வாடகை பல மடங்கு உயர்ந்தது. 2008-ல் அந்நகர் உலக மரபுடைமை என்று பெயர்பெற்றபின் அதே கடைவீடுகளின் விலையைக் கேட்கவே நா வறண்டது. கதவு மூடிய குடும்பங்கள் ஆயர் ஈத்தாம் அடுக்குமாடிகளுக்கும் பாயா தெருபோங்குக்கும் பெருநிலத்துக்கும் சிதறின. பாட்டனார் மாட்டிய படத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டுதான் போனார்கள். ஆணியைச் சுவரிலேயே விட்டார்கள்.

“வாங்க வேண்டும் என்கிறீரே, பணம் எங்கே?” என்று கேட்பார் உண்டு. நேர்மையான கேள்வி. இன்று தீவில் ஒரு தரை வீடு தொழிலாளியின் கைக்கு எட்டாது. இதை மறுப்பவன் பொய்யன். ஆனால் எட்டும் விலையில் இருந்த காலத்தில் வாங்கினோமா? பினாங்கில் மலிவு விலை வீட்டுக்கு 42,000 வெள்ளியென்றும் அதற்கு அடுத்த தரத்துக்கு 72,500 வெள்ளியென்றும் உச்சவிலை கட்டி விற்ற காலம் உண்டு. மனுப்பாரம் எழுதிப்போட நம்மவர் தயங்கினர். ஐந்தாம் மாடியில் மாடு கட்ட முடியாது, ஆடி மாதம் குடிபோகக்கூடாது, வாசல் தெற்கே பார்க்கிறது என்று காரணங்கள் பிறந்தன. தெற்கே பார்த்த வாசலைக் கண்டு அஞ்சியவர்கள் திசையே இல்லாத வாடகை அறையில் இருபதாண்டு இருந்தார்கள். ஊழியர் சேமநிதியின் சந்தா 2024 மே மாதம் முதல் 75, 15, 10 என்று மூன்று கணக்காகப் பிரிகிறது. அந்த 15 பங்கு சேரும் இரண்டாம் கணக்கிலிருந்து வீடு வாங்கவும் வீட்டுக்கடன் அடைக்கவும் பணம் எடுக்கலாம். முன்பும் இதற்கு வழி இருந்தது. அந்தப் பணத்தைக் கடைசிவரை தொடாமல் வைத்திருந்து, ஐம்பத்தைந்தாம் வயதில் மொத்தமாக வாங்கி, ஒரே மகளின் கலியாண மண்டபத்தில் மூன்று நாளில் கரைத்தவர்களை நாம் அறிவோம். மகளுக்கு நகை கொடுத்தீர்கள். அதைப் பூட்டிவைக்க ஓர் அறையைக் கொடுத்தீர்களா?

கடல் கடந்த ஊர்ப்பற்றையும் சொல்லியாக வேண்டும். பிறந்த ஊரை மறக்கச் சொல்லவில்லை. ஆனால் அங்கே கட்டிய வீட்டில் இன்று குடியிருப்பது யார்? பங்காளி மகன்; அல்லது வௌவால். நம் பிள்ளைகள் அங்கே போனால் மூன்றாம் நாள் வயிற்றுவலி என்று திரும்புகிறார்கள். பினாங்கில் ஈட்டிய பணத்தில் காரைக்காலுக்கு மேற்கே சுவரெழுப்பிவிட்டு, ஆயர் ஈத்தாமில் வாடகை கொடுப்பதற்குப் பெயர் தேசாபிமானமாம்!

பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்தாலும் நிலம் வாங்கலாம் என்று நம்மவரே ஒருகால் காட்டியிருக்கிறார்கள். வெள்ளைக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றபோது, 1960-ல் வீ. தி. சம்பந்தன் முன்னின்று தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாக நடந்து பால்மரத் தொழிலாளரிடம் பங்குப்பணம் கேட்டார்கள். 1961-ல் கடாரத்தில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. பெருங்காரியம்; அதைச் செய்தவர்களை வணங்குகிறோம். எனினும், சங்கத்துக்குத் தோட்டம் சொந்தமாவது வேறு, தொழிலாளிக்கு வீடு சொந்தமாவது வேறு. பங்குச்சீட்டைத் தலைமாட்டில் வைத்து லயத்தில் உறங்கியவர் பங்குதாரர், வீட்டுக்காரரல்லர். முதல் அடி எடுத்துவைத்த சமூகம் இரண்டாம் அடியை வைக்க ஏன் இத்தனை பத்தாண்டு நின்றது?

சட்டமே கொடியது என்பீர்களாயின், நாமும் ஒப்புகிறோம். மூன்று தலைமுறை உழைத்து மேடுதிருத்திய நிலத்தில் ஒரு குடும்பத்துக்கு இம்மியும் பாத்தியம் இல்லை என்று சொல்லும் சட்டம் நீதியுடையதன்று. சபோக்கின் பண்ணைத் தொழிலாளர் செய்ததுபோலச் சங்கம் கூடிச் சட்டத்தைத் திருத்தச் சொல்லிக் கேட்க வேண்டியதே. ஆனால் சட்டம் திருந்தும் வரையில் அது இல்லை என்று பாவித்து வாழ்வது, மழையில் நனைந்துகொண்டே குடையைத் திட்டுவதாகும்.

இனி, முன்னே நிறுத்திய பாடம். பிரான்சிஸ் லைட் 1794-ஆம் ஆண்டு அக்டோபரில் காய்ச்சலில் இறந்தார். மார்த்தினா ரோசல்ஸ் என்னும் அம்மையார் அவரோடு பல்லாண்டு வாழ்ந்து பிள்ளைகளைப் பெற்றவர். ஆயினும் கம்பெனியார் கண்ணில் சட்டப்படியான மனைவியல்லர். உயிலில் லைட் தமது சபோக்கை அவருக்கே எழுதிவைத்தார். எழுதிவைத்தும் அது அந்த அம்மையார் கையில் தங்கவில்லை. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நிலம் வில்லியம் எட்வர்ட் பிலிப்ஸ் என்ற கம்பெனி உத்தியோகஸ்தரிடம் போய்ச்சேர்ந்தது. இன்று நாம் காணும் மாளிகையும் பிலிப்ஸ் காலத்தது. தீவின் முதல் அதிகாரியின் துணைவிக்கே ஆயர் ஈத்தாமில் இதுதான் கதி என்றால், நம் வீட்டுப் பெண்களின் கதியை எண்ணிப் பாருங்கள்.

எண்ணிப் பார்த்தால் நடுங்குகிறது. வீடு வாங்கிய தமிழரிற் பலர் அதைத் தம் பெயரில் மட்டும் வாங்குகிறார்கள். அல்லது மூத்த மகன் பெயரில். மனைவியின் சீட்டுப்பணமும் பலகாரம் விற்ற காசும் முன்பணத்தில் கலந்திருக்கும். பட்டாவில் அவள் பெயர் இராது. உயில் எழுதாமல் கணவன் இறந்தால், 1958-ஆம் ஆண்டின் சொத்துப் பங்கீட்டுச் சட்டப்படி, பிள்ளைகளும் மாமனார் மாமியாரும் இருக்கையில் மனைவிக்கு நாலில் ஒரு பங்கே. அதுவும் சட்டம் அறிந்த மனைவிக்கு. 1982 மார்ச் முதல் தேதிக்குப் பின் கோயிலில் தாலி கட்டி, ஊர்கூடி விருந்துண்டு, பதிவு அலுவலகத்தை மட்டும் மறந்த கலியாணங்கள் நம்மிடையே ஏராளம். அந்தப் பெண் இருபதாண்டு குடித்தனம் நடத்திய பின்னும், மனைவி என்று நிலைநாட்ட நீதிமன்றப் படியேற வேண்டிவரும். இருநூறாண்டுக்குப் பின்னும் மார்த்தினாக்கள் இருக்கிறார்கள்; ஒரு வேற்றுமை, இவர்கள் கழுத்தில் தாலி இருக்கிறது. சபோக் கிராமத்து வீட்டில் மருமகள் பெயரையும் சேர்த்து எழுதிய நண்பரின் மகனை இதற்காகவே நாம் இரட்டிப்பாகப் பாராட்டுகிறோம்.

இவற்றையெல்லாம் நண்பரிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது, உள்ளேயிருந்து அவர் மனைவியார் காப்பி கொண்டுவந்து வைத்தார்கள். தோட்டத்தில் பிறந்தவர்; தகப்பனார் வேலை நின்ற மாதமே லயத்தைக் காலிசெய்துகொண்டு வந்ததைப் பத்து வயதில் கண்டவர். இதுவரை ஒன்றும் பேசாதவர், “ஐயா, இந்த வீட்டு மண்ணு யார் பேர்ல இருக்குன்னு எங்க போய்ப் பார்க்கணும்?” என்று நம்மைக் கேட்டார்கள். நில அலுவலகத்தில் மனை எண்ணைக் கொடுத்து, கட்டணம் கட்டித் தேடச்சொன்னால் ஒரு தாளில் எல்லாம் அச்சடித்துக் கொடுப்பார்கள்; சொந்தக்காரர் யார், கடன் உண்டா, குத்தகையானால் இன்னும் எத்தனை வருஷம் என்று அதில் இருக்கும் என்றோம். “அவர் நல்லவர்; இதைக் கேள்விப்பட்டால் என்ன நினைப்பார்?” என்று நண்பர் இழுத்தார்.

“நினைச்சுக்கட்டும்ங்க. இங்கிலாந்துல இருக்கிறவங்களும் நல்லவங்கதானே? அங்க தம்பி கேட்டுத்தானே வாங்கினான்?” என்று சொல்லிவிட்டு, அந்த அம்மாள் வாசற்கதவின் மேல் அடித்திருந்த தகட்டைப் பார்த்து, எண்ணை ஒரு கலியாண அழைப்பிதழின் பின்புறத்தில் எழுதிக்கொண்டார்கள். அது கதவிலக்கம், மனை எண் அன்று. மனை எண் நிலவரிச் சீட்டில் இருக்கும் என்றோம். வரிச் சீட்டு வீட்டுக்காரரிடம் இருந்தது. திங்கட்கிழமை அதைக் கேட்டு வாங்குவதென்று முடிவாயிற்று. கேட்கப் போவது அம்மாள்.